சாண்ட்விச் கடையில் யார்மேல் கோபப்படுவது?

கேள்வி, ஜனவரி 6: "சாண்ட்விச் கடைக்கெல்லாம் எதற்கு விமர்சனம்? இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் நாலு பொருள், சமையலே கிடையாது. பொருள் நன்றாக இருந்தால் சாண்ட்விச்சும் நன்றாக இருக்கும். கவுண்டரில் நிற்பவர் சிரித்தாரா முறைத்தாரா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. மாற்றுக் கருத்து யாருக்காவது உண்டா?"

ஜனவரி 6, இரவு 9.40

எனக்கு உண்டு. போன வியாழன் பட்டது, இன்னும் ஆறவில்லை.

நான் வழக்கமாகப் போகாத கடை. மதியம் ஒன்றேகால், எனக்கு முன்னால் ஏழு பேர். என் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கண் போனில், கை ரொட்டியில். "வேற?" என்றான். சொன்னேன். "வேற?" மறுபடியும் சொன்னேன். மூன்றாவது "வேற?"க்கு நான் வாயைத் திறப்பதற்குள் தாளில் சுருட்டிப் பையில் போட்டு பில் போடுகிறவரிடம் தள்ளிவிட்டான்.

இருக்கைக்கு வந்து பிரித்தால் அடி ரொட்டி கூழாகிக் கிடக்கிறது. தூக்கினேன். மேல் ரொட்டி கையோடு வந்தது, கீழ் ரொட்டி தாளோடு தங்கிவிட்டது, கோழித் துண்டுகள் மடியில். கடைசியில் ஸ்பூன் தேடி எடுத்துதான் சாப்பிட்டேன். எங்கள் அலுவலகத்தில் சாண்ட்விச்சை ஸ்பூனால் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான்.

பொருளில் குறை சொல்ல முடியாது. கோழி நன்றாக வெந்திருந்தது, தக்காளியும் நல்ல பழம். பொருள் நன்றாக இருந்தும் சாண்ட்விச் கெட்டது என்றால் காரணம் அந்தப் பையனின் அலட்சியம்தான். போதுமா?

ஜனவரி 7, காலை 7.15

எழுந்ததும் உறுத்துகிறது. "இருக்கைக்கு வந்து பிரித்தால்" என்று எழுதிவிட்டேன். வந்ததற்கும் பிரித்ததற்கும் நடுவில் ஐம்பது நிமிடம் ஒரு மீட்டிங் இருந்தது.

சூடான கோழி, உருகிய சீஸ், பக்கத்திலேயே தக்காளி, எல்லாவற்றையும் இறுக்கிச் சுற்றிய தாள். உள்ளே கிளம்பும் ஆவிக்கு வெளியே போக வழி கிடையாது. தாளின் உட்புறத்தில் வியர்த்து, திரும்ப ரொட்டிமேலேயே இறங்கும். தக்காளியோ எடையில் சுமார் 95 சதவீதம் தண்ணீர், அதில் உப்பும் சூடும் பட்டால் கேட்கவே வேண்டாம். ஐம்பது நிமிடம் அப்படிக் கிடந்தால் யார் செய்த சாண்ட்விச்சும் கஞ்சிதான்.

சரி, பாதித் தப்பு என்னுடையது.

ஜனவரி 7, மதியம் 2.30

"பாதி இல்லை, முக்கால்" என்று ஒருவர் திருத்துகிறார். ஏற்றுக்கொள்கிறேன். மிச்சம் கால் பங்கை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

ஜனவரி 9, மாலை 6.05

அந்தக் கால் பங்கு எது என்று யோசித்துக்கொண்டே இன்று வேறொரு கடையில் வரிசையில் நின்றேன். கவுண்டரில் நடுத்தர வயது அக்கா ஒருவர். எனக்கு முன்னால் நாலு பேர் என்பதால் நாலு சாண்ட்விச் உருவாவதை நின்று பார்க்க முடிந்தது. இதுவரை இப்படிப் பார்த்ததே இல்லை.

முதலில் வெண்ணெய். நடுவில் ஒரு உருண்டை வைத்துத் தேய்த்துவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. கத்தியைப் படுக்கவைத்து ரொட்டியின் நாலு ஓரத்துக்கும், மூலை வரைக்கும் இழுத்தார். கொழுப்பு தண்ணீரை உள்ளே விடாது, அதனால் ஓரம் வரை பூசிய ரொட்டி சீக்கிரம் ஊறாது. அடுத்து சீஸ். வெண்ணெய்க்குப் பிறகு அது இரண்டாவது அணை. அதன்மேல்தான் இறைச்சி. தக்காளியை வெட்டி ஒரு தட்டில் மெல்லிய துணிமேல் பரப்பிவைத்திருந்தார். எடுக்கும்போது ஒவ்வொரு வில்லையையும் ஒரு தடவை துணியில் ஒற்றிவிட்டு வைத்தார். தக்காளிக்கு மேலேயும் கீழேயும் லெட்டூஸ் இலை. ரொட்டியைத் தக்காளி எங்கேயும் தொடவில்லை.

வெள்ளரிக்காயை மாற்றி மாற்றி ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி, ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கினார். அடுக்காமல் குவித்தால் முதல் கடியிலேயே வழுக்கிப் பின்பக்கமாக வெளியே வந்துவிடும், அது எல்லாருக்கும் தெரிந்த துயரம்.

இதில் அவர் கூடுதலாகப் போட்ட பொருள் எதுவும் இல்லை. அதே தக்காளி, அதே சீஸ். வரிசைதான் வேறு. "சமையலே கிடையாது" என்று கேள்வி கேட்டவர் இதற்கு என்ன சொல்கிறார்?

ஜனவரி 9, இரவு 10.20

பதில் வந்துவிட்டது: "அது சேவை இல்லை, தொழில் தெரிந்திருப்பது. நான் கேட்டது சிரிப்பைப் பற்றி."

நியாயமான பிடிதான். அந்த அக்கா சிரித்தாரா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

ஜனவரி 10, காலை 8.00

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். படிக்கிற காலத்தில் நானே மூன்று மாதம் சாண்ட்விச் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். இத்தனை நாள் வாயைத் திறக்காததற்குக் காரணம், நான் அந்த வேலையில் படுமோசம்.

வெளியே இருந்து பார்க்க என்ன கஷ்டம் என்று தோன்றும். ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே நின்று நீங்கள் ஒவ்வொரு வெங்காயத் துண்டை எடுப்பதையும் பார்க்கிற வேலை வேறெது? ஹோட்டல் சமையல்காரருக்கு ஒரு சுவராவது இருக்கிறது. இங்கே இடையில் ஒரு கண்ணாடிதான், அதுவும் முகத்துக்குக் கீழே முடிந்துவிடும். "இன்னும் கொஞ்சம்", "அது இல்லை, அதுக்குப் பக்கத்தில இருக்கறது", "நான் வெங்காயம் வேண்டாம்னு சொன்னேனே". சொல்லியிருக்க மாட்டார், மனதுக்குள் சொல்லியிருப்பார்.

"வேற?" என்ற சொல்லின் ரகசியமும் அங்கே கற்றதுதான். மதிய நெரிசலில் முழு வாக்கியம் பேசத் தெம்பு இருக்காது. "அடுத்து என்ன வைக்கட்டும்?" என்பதை முப்பதாவது ஆளிடம் கேட்கும்போது "அடுத்து?" ஆகும், அறுபதாவது ஆளிடம் "வேற?" ஆகும். நூறாவது ஆளுக்கு நான் புருவத்தை மட்டும் தூக்கியிருக்கிறேன்.

ஆக அந்தப் பையனின் மூன்று "வேற?"யையும் நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போன் பார்த்தது? அதற்கு மன்னிப்பு இல்லை.

ஜனவரி 12, மதியம் 1.10

கையுறை பற்றிக் கேட்டவருக்கு.

கையுறை போட்டிருந்தால் சுத்தம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், போட்டு வேலை பார்க்கும் வரை. வெறும் கையில் சாஸ் பட்டால் பிசுபிசுப்பு தெரியும், கழுவத் தோன்றும். கையுறைக்குள் எதுவும் தெரியாது. அதே கையால் பணம் வாங்குவோம், ஃப்ரிட்ஜ் கைப்பிடியை இழுப்போம், மூக்கைச் சொறிவோம், அப்புறம் சீஸ் எடுப்போம். கையுறை காப்பாற்றுவது போட்டிருப்பவரின் கையை மட்டும்தான், நடுவில் மாற்றாவிட்டால்.

நான் இப்போது பார்ப்பது ஒன்றே ஒன்று: பணம் வாங்குபவரும் ரொட்டி தொடுபவரும் ஒரே ஆளா? ஒரே ஆள் என்றால், இரண்டுக்கும் நடுவில் கை கழுவுகிறாரா, கையுறை மாற்றுகிறாரா? இது சரியாக இருந்தால் வெறும் கையே எனக்குச் சம்மதம்.

இறைச்சி சீவும் மெஷினையும் எட்டிப் பாருங்கள். சாதாரண அறை வெப்பத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் மெஷினை 4 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கழற்றிக் கழுவ வேண்டும் என்று அமெரிக்க உணவு விதித்தொகுப்பு சொல்கிறது. லிஸ்டீரியா என்ற கிருமிதான் இங்கே பெரிய பயம், அது குளிர்ச்சிக்கும் அடங்காது, ஃப்ரிட்ஜிலும் மெதுவாக வளரும். நான் வேலை பார்த்த இடத்தில் அந்த மெஷினைக் கழுவும் முறை வந்தால் எல்லாருக்கும் திடீரென்று கழிவறை போக வேண்டியிருக்கும்.

ஜனவரி 13, இரவு 11.30

பேச்சு ரொட்டிக்குத் தாவிவிட்டது, நானும் தாவுகிறேன்.

"ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கும் கடைக்குப் போகாதே" என்று ஒருவர் எழுதியது முழு உண்மை. ரொட்டி காய்ந்து போவதால் மட்டும் கெட்டியாவதில்லை. வேகும்போது குழைந்த மாவுச்சத்து ஆறியபின் மெல்ல மெல்ல மறுபடி படிகமாக இறுகுகிறது. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் வெப்பநிலையில்தான் அது வேகமாக நடக்கும். வெளியே வைத்தால் அதைவிட மெதுவாக, ஃப்ரீசரில் ஏறக்குறைய நின்றேவிடும். அதனால் ஒன்று வெளியே வை, இல்லை முழுசாக உறையவை. பழைய ரொட்டியை டோஸ்டரில் காட்டினால் உயிர் வருவதும் இதே கதைதான், சூட்டில் அந்த இறுக்கம் தளரும். ஆறினால் முன்பைவிட மோசம். பழைய ரொட்டியை மறைக்கத்தான் சில கடைகளில் நாம் கேட்காமலே "டோஸ்ட் பண்ணட்டுமா?" என்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். எல்லா உபசரிப்பும் உபசரிப்பு இல்லை.

இன்னொன்று, முன்கூட்டியே துண்டு போட்ட ரொட்டி. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துச் சிலிகாத்தி ஊரில் 1928 ஜூலை 7 அன்றுதான் மெஷினில் துண்டு போட்ட ரொட்டி முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஜனவரி 18 அன்று, அதை அரசாங்கமே தடை செய்தது. துண்டு போட்ட ரொட்டி சீக்கிரம் உலரும், அதைச் சுற்றத் தடிமனான மெழுகுத் தாள் வேண்டும், போர்க்காலத்தில் அது வீண் என்பது ஒரு காரணம். மக்கள் போட்ட சத்தத்தில் மார்ச் 8 அன்று தடையை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. காலையில் கத்தியும் கையுமாக அல்லாடிய குடும்பங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஜனவரி 14, காலை 9.00

சிரிப்புக்கு ஒன்று. அயர்லாந்தில் சப்வே என்ற சாண்ட்விச் சங்கிலிக் கடையின் கிளை நடத்துபவர் ஒருவர் தன் சூடான சாண்ட்விச்சுக்கு வரிவிலக்கு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். ரொட்டி அத்தியாவசியப் பண்டம், அதற்கு வரி இல்லை என்பது வாதம். 2020இல் தீர்ப்பு வந்தது. மாவின் எடையில் சர்க்கரை 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் சொல்கிறது, இதில் 10 சதவீதம் இருக்கிறது, எனவே வரிச் சட்டத்தின் கண்ணில் இது ரொட்டியே இல்லை.

அதே பெயர்கொண்ட கடையில் ஓர் அடி நீளச் சாண்ட்விச் 11 அங்குலம்தான் இருக்கிறது என்று 2013இல் ஒருவர் அளவு நாடாவோடு படம் போட, அமெரிக்காவில் வழக்குக்கு மேல் வழக்கு. கடைசியில் சமரசம். வக்கீல்களுக்குப் பெரிய தொகை, பொதுவாக வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குக் காசு எதுவும் இல்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சமரசத்தைக் குப்பை என்று தள்ளிவிட்டது. உறைந்த மாவுத் துண்டுகள் எல்லாம் ஒரே எடை, அடுப்பில் ஒன்று நீளமாகும், ஒன்று அகலமாகும், சாப்பிடுபவருக்குக் கிடைக்கும் ரொட்டி குறையவில்லை என்பது அங்கே தெளிவான விஷயம்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது: அளவுநாடாவோடு போகிறவருக்கும் கோபம் உண்மையானதுதான். ஆனால் அவர் அளந்தது தப்பான இடத்தில்.

ஜனவரி 14, காலை 9.20

நான் மட்டும் என்ன, மீட்டிங் முடிந்து வந்து அளந்தவன்தானே.

ஜனவரி 15, மதியம் 12.45

"பரிட்டோ (மெக்சிகோ பாணியில் ரொட்டிக்குள் சுருட்டித் தரும் உணவு) சாண்ட்விச்சா?" என்ற சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள். 2006இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் இல்லை என்றது, 2024இல் இந்தியானா நீதிமன்றம் ஆம் என்றது. நீதிபதிகளுக்கே ஒத்துப்போகவில்லை, நாம் மதிய இடைவேளையில் தீர்க்கப்போகிறோமா?

ஜனவரி 19, இரவு 10.50

இனி வருவது சிரிப்பு இல்லை.

என் அக்கா மகளுக்கு எள் ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தடிப்பு என்று நிற்கிற ஆகாது இல்லை. தொண்டை அடைக்கும். ஊசிமருந்து எப்போதும் கைப்பையில் இருக்கும். சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு சாண்ட்விச் சாப்பிடப் போனேன்.

முதலில் நுழைந்தது அழகான கடை. கதவைத் திறந்ததும் "வாங்க, வாங்க!" எனக்கே கூச்சமாகிவிட்டது. கவுண்டரில் இருந்தவர் குழந்தையிடம் பேர் கேட்டார், பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டார். எள் விஷயத்தைச் சொன்னேன். "எள்ளா? நாங்க எள்ளே போடறதில்ல சார், கவலையே படாதீங்க!" என்றார். ரொட்டி வந்த உறையைப் பார்க்கவில்லை. உள்ளே யாரையும் கேட்கவில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த வேகம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. பக்கத்துத் தட்டில் எள் தூவிய பன் அடுக்கிவைத்திருந்தது என் கண்ணில் படுகிறது, அதை வெட்டிய கத்தி அதே பலகையில் கிடக்கிறது. "பரவாயில்ல, அப்புறம் வர்றோம்" என்று வெளியே வந்துவிட்டோம். அவர் அப்போதும் கையசைத்தார்.

பசி. பக்கத்தில் திறந்திருந்தது எது தெரியுமா? அந்த "வேற?" கடை.

அதே பையன். அதே போன். எள் ஒவ்வாமை என்று சொன்னேன். கையை நிறுத்தினான். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான், என்னை இல்லை, குழந்தையை. "இருங்க" என்று உள்ளே போனான். இரண்டு நிமிடம். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையோடு திரும்பி வந்து, பொடி எழுத்தில் இருந்த பொருள் பட்டியலில் விரலை வைத்துக் காட்டினான். எள் மாவு. மேலே ஒரு எள்கூட இல்லை, பார்த்தால் சாதாரண வெள்ளை ரொட்டி. "இந்த ரொட்டில தர முடியாது. இன்னொரு ரொட்டி இருக்கு, அதுல எள் இல்ல, ஆனா ரெண்டையும் ஒரே பலகைலதான் வெட்டறோம். நான் தர மாட்டேன். ஜூஸ், பழம் வேணா தரேன்." அவ்வளவுதான். சிரிப்பு இல்லை, ஸாரி இல்லை. பழத்தை மட்டும் கை கழுவிவிட்டு, புதுக் கத்தி எடுத்து வெட்டித் தந்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த "தர மாட்டேன்" காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. எந்தக் கடையிலும் எனக்குக் கிடைத்த சேவைகளில் அதுதான் பெரியது.

ஜனவரி 20, காலை 7.40

"வெள்ளை ரொட்டிக்குள் எள் மாவு எதற்கு?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடை ரொட்டியில் யார் எதற்குச் சேர்த்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் நடந்தது தெரியும். 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் ஒவ்வாமைப் பட்டியலில் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரே அடுமனையில் எள் பன்னும் சாதா பன்னும் செய்கிறவர்களுக்கு, ஒன்று மற்றதில் கலக்கவே கலக்காது என்று உறுதி சொல்வது பெரும்பாடு. சிலர் என்ன செய்தார்கள் என்றால், எல்லாவற்றிலும் கொஞ்சம் எள் மாவைச் சேர்த்து, "எள் உள்ளது" என்று உறையில் அச்சடித்துவிட்டார்கள். சட்டப்படி சரி. அதுவரை தைரியமாக வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இடி.

பிரிட்டனில் இதற்கு இன்னும் சோகமான முன்கதை உண்டு. 2016இல் 15 வயதுப் பெண் ஒருத்தி விமான நிலையத்தில் வாங்கிய பாகெட் என்ற நீள ரொட்டிச் சாண்ட்விச்சைச் சாப்பிட்டு இறந்துபோனாள். எள்ளை ரொட்டி மாவோடு பிசைந்து சுட்டிருந்தார்கள், கண்ணுக்குத் தெரியாது. கடையிலேயே செய்து உறையிட்டு வைக்கும் உணவுக்கு உறையில் முழுப் பட்டியல் போட வேண்டாம் என்பது அப்போதைய விதி. 2021 அக்டோபர் முதல் அது மாறிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரால் நடாஷா சட்டம் என்று சொல்கிறார்கள்.

உறையில் அச்சடித்தால் மட்டும் போதாது. கவுண்டரில் உங்கள் கண்ணெதிரே செய்து தரும் சாண்ட்விச்சுக்கு உறையே கிடையாது. அங்கே பட்டியல் என்பது அந்த ஆளின் வாய்தான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறாரா, பார்க்காமலே சொல்கிறாரா?

ஜனவரி 20, இரவு 9.15

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "பார்த்தீர்களா, சிரிப்புக்கு மதிப்பில்லை என்றுதானே நானும் சொன்னேன்."

வாஸ்தவம். ஆனால் "கவுண்டரில் நிற்பவர் பொருட்டே இல்லை" என்ற தொனியும் அதில் இருந்தது. அதை மட்டும் வாபஸ் வாங்குங்கள், கைகுலுக்கிக்கொள்வோம்.

ஜனவரி 21, காலை 6.50

வாங்கவில்லை. பிடிவாதக்காரர்.

ஜனவரி 23, மாலை 5.30

சிரிக்கிற கடையைப் பற்றி அநியாயமாக எழுதிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். அவர் கெட்டவர் இல்லை. "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்பது வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாத சொல் என்று யாரோ அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்தபோது எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்: எதற்கும் "இருக்கு சார்", எதற்கும் "முடியும் சார்". ஒருமுறை ஒரு பெரியவர் ரொட்டி இன்றைக்குச் சுட்டதா என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். முந்தின நாள் ரொட்டி. அவர் ஒரு கடி கடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை, பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

புகார் செய்கிற வாடிக்கையாளர் கடைக்கு நல்லவர், சும்மா எழுந்து போகிறவர்தான் ஆபத்து என்று முதலாளி அடிக்கடி சொல்வார். அன்றைக்குத்தான் புரிந்தது. ஆகவே நாளை அந்தச் சிரிக்கிற கடைக்குப் போய் நேரில் சொல்லப்போகிறேன்.

ஜனவரி 24, இரவு 8.00

போனேன், சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ரொட்டி உறையை அப்போதுதான் எடுத்துப் படித்தார். அதில் எள் இருந்ததா இல்லையா என்பதைவிட, அவர் அதை இரண்டு தடவை படித்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இலவசமாக ஒரு காபி கொடுத்தார். வேண்டாம் என்றேன், விடவில்லை.

காபி சுமார்.

ஜனவரி 27, மதியம் 3.00

இடையில் ஒரு அற்ப விஷயம். குறுக்கே கோணலாக வெட்டினால் சாண்ட்விச் ருசி கூடுமா என்று கேட்டவருக்கு: ருசி கூடாது, பரப்பு கூடும். 10 செ.மீ. சதுர ரொட்டியை நேராக வெட்டினால் வெட்டுமுகம் 10 செ.மீ., மூலைக்கு மூலை வெட்டினால் 14 செ.மீ.க்குச் சற்று மேல். ஓரத் தோல் இல்லாமல் நேரடியாக உள்ளே கடிக்கும் இடம் அவ்வளவு அதிகம். கூர்முனையில் முதல் கடி வாய்க்கு அடக்கமாகவும் இருக்கும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பட்டிமன்றமே நடந்திருக்கிறது, நான் தோற்ற அணி.

பிப்ரவரி 3, மதியம் 2.15

கடைசியாக ஒரு திருத்தம், இதுதான் பெரிய திருத்தம்.

இன்று மதியம் மீட்டிங் கிடையாது. "வேற?" கடைக்குப் போனேன். நெரிசல் இல்லை, இரண்டே பேர். கவுண்டரில் அந்தப் போன் இருந்தது. இந்த முறை பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது அவன் போனே இல்லை. கடையின் போன். ஆன்லைன் ஆர்டர்கள் அதில்தான் வந்து விழுகின்றன. "டிங்" என்று ஒன்று வரும்போதெல்லாம் ஒரு விரலால் தள்ளி ஏற்றுக்கொள்ள வேண்டும், தாமதித்தால் ஆர்டர் போய்விடும். எனக்கு முன்னால் ஏழு பேர் நின்ற அன்று, கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்.

போன் பார்த்ததற்கு மன்னிப்பு இல்லை என்று ஜனவரி 10 அன்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கிறேன். கால் பங்கும் போயிற்று.

பழைய ஆர்டரையே சொன்னேன். கோழி, சீஸ், தக்காளி. ரொட்டியை எடுத்தவன் நிறுத்திவிட்டு, "இங்கயே சாப்பிடறீங்களா, எடுத்துட்டுப் போறீங்களா?" என்றான். அன்றைக்கு இதைக் கேட்டிருந்தால் இத்தனை பக்கம் நான் எழுதியிருக்க வேண்டியதில்லை. கேட்கிற இடைவெளியை "டிங்" அன்று அவனுக்குத் தரவில்லை, அவ்வளவுதான்.

"எடுத்துட்டுப் போறேன், ஆனா உடனே சாப்பிட்டுருவேன் தம்பி" என்றேன்.

நம்பவில்லை போலிருக்கிறது. தக்காளியைத் தனியாக ஒரு சின்னத் தாளில் மடித்துக் கொடுத்தான், சாஸைக் குட்டிக் கப்பில் ஊற்றிக் கொடுத்தான், சுற்றிய தாளின் ஒரு முனையை மூடாமல் விட்டான், ஆவி போக. "வேற?" என்றான்.

ஸ்பூன் வேண்டும் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.